சுங்கை சிப்புட்ல மூணாவது மாசம்

மதுரையில இருந்து வந்து இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல புள்ளைங்களுக்கு சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன், சம்பளம் கிடையாது, தங்க ஒரு லயத்து வீடு (தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டுன வீடுங்கள்ல ஒண்ணு), சாப்பாடு பக்கத்து வீட்டு அக்கா. மொத நாள் காலையில அவங்க "தம்பி, பசியாறிட்டீங்களா?"ன்னாங்க, அது டிபன் ஆச்சான்னு கேக்குறதுன்னு தெரியாம "பசியே இல்லக்கா"ன்னு சொல்லிட்டு மத்தியானம் வரைக்கும் பட்டினி.

சுத்தி எங்க பாத்தாலும் செம்பனைதான், அதாவது பாமாயில் எடுக்குற பனை. முன்னாடி எல்லாம் ரப்பராம், இங்க கித்தான்னுதான் சொல்றாங்க. அக்காவோட அம்மா பால் வெட்டுன கதைய ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்க, விடியுறதுக்கு முன்னாடியே தலையில விளக்க கட்டிட்டு போகணும், வெயில் ஏறிட்டா பால் வடியுறது குறைஞ்சிடும், மழைன்னா வேலையே நடக்காது. வெள்ளைக்காரன் தோட்டங்கள துண்டு போட்டு வித்தப்ப, அப்ப மந்திரியா இருந்த இந்த ஊர்க்காரர் சம்பந்தன் 1960ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு தொழிலாளிங்க காசுலயே தோட்டம் வாங்குனத சொல்றப்ப மட்டும் பாட்டி குரல் ஏறும். ஊர்ல இருந்தப்ப இதெல்லாம் நான் கேள்வியே பட்டதில்ல.

என்னை அனுப்புனவங்க தர்றேன்னு சொன்ன புத்தகம் இன்னும் வரல, அது தனி கதை.

நேத்து ஒரு பொடியன் நொண்டிக்கிட்டே வந்தான், கட்டை விரல்ல செம்பனை மட்டை முள்ளு. ஊக்கால நோண்டி எடுக்குற வரைக்கும் அழாம ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே இருந்தான், ஏழெட்டு அம்பத்திநாலாம்.