சிப்பிக்கு முன்னால் சாக்கடையைப் பாருங்கள்

பிரான்ஸின் தென்மேற்கில், போர்தோவுக்கு அருகே உள்ள அர்க்காஷோன் விரிகுடாவில் வளரும் சிப்பிகளைக் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளில் பச்சையாகவே உண்பார்கள். 2023 டிசம்பர் 27 அன்று, விற்பனை உச்சத்தில் இருந்தபோது, ஜிரோந்த் மாவட்ட ஆட்சியகம் அவற்றுக்குத் தடை விதித்தது. உண்டவர்கள் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் அவதிப்பட்டதற்கு நோரோவைரஸே காரணம். தடை ஜனவரி 19 வரை நீடித்தது. பெருமழையில் கழிவுநீர் அமைப்பு நிரம்பி வழிந்ததே இதற்கு மூலம் என்று வளர்ப்போர் கொதித்தனர்.

சிப்பி கடல்நீரை ஓயாமல் வடிகட்டி உண்பதால், நீரில் இருப்பதெல்லாம் அதற்குள் சேர்கிறது. சிப்பியைத் தூய நீரில் ஓரிரு நாள் வைத்து, பாக்டீரியாவைப் பெருமளவு வெளியேற்றிவிடலாம். நோரோவைரஸோ எளிதில் போவதில்லை. மனிதக் குடலில் அது பற்றிக்கொள்ளும் சர்க்கரை மூலக்கூறைப் (ரத்தவகையைத் தீர்மானிப்பதும் இவ்வகை மூலக்கூறே) போன்ற ஒன்று சிப்பியின் செரிமான உறுப்பிலும் இருப்பதைப் பிரெஞ்சு கடலாய்வு நிறுவனமான இஃப்ரெமெரின் ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர். அப்படியிருந்தும், ஐரோப்பிய விதிகள் வளர்ப்புப் பகுதிகளை மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியாவின் எண்ணிக்கையைக் கொண்டே தரம் பிரிக்கின்றன. முதல் தரப் பகுதியில், 100 கிராம் சதைக்கு 230 என்பதே பெரும்பாலான மாதிரிகளுக்கான வரம்பு. 2016 முதல் 2018 வரை நடந்த ஐரோப்பிய ஆய்வில், வளர்ப்புப் பகுதி மாதிரிகளில் 34.5 விழுக்காட்டில் நோரோவைரஸ் தென்பட்டது. தவறான உயிரியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பேன்.

நோய் ஊருக்குள் பரவும்போதே வைரஸ் மலத்தின் வழியே சாக்கடையை அடைகிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவாயிலில் ஒரு நாள் முழுதும் சிறிது சிறிதாகச் சேகரித்த நீரைச் செறிவூட்டி, பி.சி.ஆர். சோதனை செய்தால் அதன் ஏற்றம் தெரிந்துவிடும். நெதர்லாந்தின் அமர்ஸ்ஃபோர்ட் நகரில், 2020 மார்ச்சில், முதல் நோயாளி பதிவாவதற்கு முன்பே கொரோனா வைரஸின் தடயம் கழிவுநீரில் கிடைத்தது. சாக்கடையில் நோரோவைரஸ் கூடியிருக்கும் வாரத்தில் பெருமழை எச்சரிக்கையும் வந்தால், சிப்பி அறுவடையை முன்கூட்டியே நிறுத்திவிடலாம். மழைக்கு முன் எடுத்துத் தூய நீர்த் தொட்டிகளில் வைத்த சரக்கையாவது விற்கலாமே!

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பி.சி.ஆர். வைரஸின் மரபுப்பொருளைக் காட்டுமேயன்றி, அது தொற்றும் நிலையில் உள்ளதா என்று சொல்லாது. ஆகவே தேவையற்ற தடைகளும் நேரலாம். அந்த இழப்பை, கழிவுநீரைக் கடலில் விட்டவர்களே ஈடுசெய்ய வேண்டும், வளர்ப்போர் அல்லர்.