கிளிக்தான் பாட்டு பின்னாடி வரணும்: டெமோ வேலை எங்க நிக்குது

வீட்லயே ரெக்கார்ட் பண்ணுற என் பாட்டு டெமோல பல்லவி முடிஞ்சது, அனுபல்லவி முடிஞ்சது, முதல் சரணமும் முடிஞ்சது. மூணையும் சேத்துப் போட்டுக் கேட்டா ஒரு ஆள் மூச்சு விட்டுப் பாடுற பாட்டு மாதிரி கேக்குது. இவ்வளவு நாளா இதுக்குத்தான் மல்லுக்கட்டிட்டு இருந்தேன். மீதி ரெண்டாம் சரணம், ஆல்டோ (கூடச் சேந்து பாடுற கீழ்க்குரல்), பேஸ் வாசிப்பு, மிக்ஸிங் எல்லாம் அப்படியே கிடக்கு, ஆனா இப்ப பயம் இல்ல, கிளிக், அதாவது தாளம் தப்பாம இருக்க ஹெட்போன்ல ஓடுற 'டிக் டிக்' சத்தம், அந்தப் பிரச்சனை தீந்துட்டு.

சாமான் விவரம் சுருக்கமா சொல்லிடுறேன். சபை கொயர் ரூம்ல சும்மா கிடந்த எஸ்எம் 58 மைக், சபை ஐயர் (பாஸ்டர்)கிட்ட கேட்டு வாங்குனது. ரெண்டு இன்புட் உள்ள யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போட சேக்குற பெட்டி), ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாப்ட்வேர், பழைய லேப்டாப், அக்கூஸ்டிக் கிட்டார். சின்னச் சத்தத்தையும் புடிக்கிற காண்டென்சர் மைக் வாங்கேன்னு எல்லாரும் சொல்லுறாங்க, எங்க வீடு பாளையங்கோட்டையில பஸ் போற ரோட்டுக்கு ஒட்டுனாப்ல இருக்கு, காண்டென்சர் வச்சா ஹாரன், காக்கா, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் சேந்து கோரஸ் பாடும். 58-ஐ வாய்க்கு நாலு விரக்கடை தள்ளி வச்சு, கிட்ட வர்றதால ஏறுற கனத்த கீழ்ச்சத்தத்தை 100 ஹெர்ட்ஸ்ல ஹைபாஸ் ஃபில்டர் போட்டு வெட்டுனா டெமோவுக்கு தாராளம். பாடுறவங்க முதுகுக்குப் பின்னாடி ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நிமித்தி வச்சாச்சு. பத்தமடை பாயை சுவத்துல தொங்கவிட்டா எக்கோ போயிரும்னு ஒரு அண்ணாச்சி சொன்னாரு, பாய் அழகா இருக்கும், அவ்வளவுதான், அந்த மெல்லிசுல சவுண்டு எங்க உறிஞ்சும்.

சரி, கிளிக்குக்கு வர்றேன்.

பாட்டு நானே எழுதுனது, கீர்த்தனை மெட்டு சாயல், 6/8 தாளம், எஃப் மேஜர், கிட்டார்ல மூணாவது கட்டைல கப்போ (கம்பியை அமுக்குற கிளிப்) போட்டு டி ஷேப்ல வாசிக்கேன். பாடுறது எங்க அக்கா. ஞாயிறு பள்ளி பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கா பாட்டு சொல்லிக் குடுத்த குரல், சுருதி அசையாது. ஆனா ஹெட்போன்ல கிளிக் வந்த உடனே அந்தக் குரல் விறைச்சுப் போகுது. "லே தம்பி, காதுக்குள்ள கொசு கத்துத மாதிரி இருக்கு, இதை நிப்பாட்டு, நான் பாடுதேன்"ன்னு கழட்டி வச்சுட்டா. கிளிக் இல்லாம பாடுனா அருமையா வருது, ஆனா அதுமேல ஷேக்கர் வைக்க முடியாது, பேட் (பின்னால இழுத்து நிக்குற கீபோர்டு சத்தம்) வைக்க முடியாது, ஆல்டோ வந்து எந்த இடத்துல சேருறதுன்னு தவிப்பாங்க.

இது அக்கா தாளத்துல குறைன்னு யாராவது சொன்னா நான் சண்டைக்கு வருவேன். சபையில கீர்த்தனை பாடி வளந்த யாரும் அப்படித்தான் பாடுவாங்க. பல்லவி நிதானமா போகும், சரணம் வந்ததும் வார்த்தை கூடுறதால கொஞ்சம் முன்னால ஓடும், வரி முடியுற இடத்துல மொத்த சபையும் ஒரு மூச்சு எடுக்கும், அந்த மூச்சுக்கு தாளத்துல கணக்கே கிடையாது. ஆர்கன் வாசிக்கிறவர் காத்திருப்பார். இப்ப கீபோர்டுல ஸ்டைல் (தானா ஓடுற தாளம்) போட்டு வாசிக்கிற காலம் வந்த பிறகு அந்தக் காத்திருப்பு போயிட்டு, பாடுறவன் மூச்சுமுட்ட ஸ்டைல் பின்னாடி ஓடுறான். வீட்டு ரெக்கார்டிங்ல நிறையப் பேர் பாட்டு ஏன் உயிரே இல்லாம இருக்குன்னா மைக் விலையில தேட வேண்டாம், இங்க தேடுனா போதும்னு நான் நினைக்கேன்.

அதனால தலைகீழா போனேன். முதல்ல கிளிக்கே இல்லாம நான் கிட்டார், அக்கா குரல், ரெண்டும் ஒரே நேரத்துல, ஒரு கைடு, வழிகாட்ட மட்டும் ஒரு ரெக்கார்டிங். அதுல எது நல்லா ஓடுதோ அதை வச்சுக்கிட்டு, அந்தப் பாட்டு போற வேகத்துக்கு ரீப்பர் கிரிட்டை (தாளத்தைக் காட்டுற கோடுகளை) வளைச்சேன், அதாவது டெம்போ மேப். இதுல முதல் வேலை, கைடு டிராக்கோட டைம்பேஸை (எதோட ஒட்டி நிக்கணும்ங்கிற செட்டிங்கை) 'டைம்'னு மாத்துறது. அது பீட்ஸ்ல இருந்துச்சுன்னா நீங்க டெம்போ மார்க்கர் வைக்க வைக்க கைடும் சேந்து நகரும், மேப் எங்க போகுதுன்னே தெரியாது. ஷேக்கர், பேட் மாதிரி மிடி டிராக் (கம்ப்யூட்டரே வாசிக்கிறது) மட்டும் பீட்ஸ்லயே இருக்கணும், அது கிரிட்டோட வளையணும்.

அடுத்து மார்க்கர் வைக்கிறது. ஒவ்வொரு பாருக்கும் (ஒரு தாளச் சுத்துக்கும்) ஒண்ணு வச்சா கைடுல இருக்குற ஒவ்வொரு சின்னத் தள்ளாட்டமும் கிளிக்ல ஏறிருது, வேகம் 57, 60, 56, 61ன்னு குதிக்கும், அதைக் கேட்டு யாரும் பாட முடியாது. நாலு பாருக்கு ஒண்ணு, இல்லன்னா நிஜமாவே வேகம் மாறுற இடத்துல மட்டும் ஒண்ணு, அதுதான் சரியான அளவு. என் பாட்டுல பாருக்கு ரெண்டு பெரிய தட்டுன்னு எண்ணுனா பல்லவி நிமிஷத்துக்கு 58 தட்டு, சரணம் 63. அந்த 58-ல இருந்து 63-க்கு டக்குன்னு தாவாம, மார்க்கர்ல அடுத்த மார்க்கர் வரைக்கும் மெல்ல மாறுற மாதிரி ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டா ரெண்டு பாருக்குள்ள வழுக்கிட்டுப் போகுது, காதுக்கே தெரியாது.

மூச்சு எடுக்குற இடம் இருக்கு பாருங்க, அதுக்குத்தான் ரொம்ப நேரம் போச்சு. நெட்ல பாத்த எல்லாரும் அந்த இடத்துல டெம்போவை இறக்கச் சொல்லுறாங்க, 58-ஐ 40-க்கு இறக்கி திருப்பி ஏத்து, அப்படி. செஞ்சு பாத்தா கிளிக் தடுக்கி விழுற மாதிரி இருக்கு, ஷேக்கர் சத்தமும் இழுபடுது. ஆனா அக்கா பாடுறதை உத்துக் கேட்டா அங்க வேகம் குறையவே இல்ல, அவ ஒரு பெரிய தட்டு கூடுதலா எடுத்துக்கிடுதா, அவ்வளவுதான்! உள்ளுக்குள்ள அதே 58 ஓடிட்டு இருக்கு. அப்ப டெம்போவைத் தொடவே வேண்டாம், வரி முடியுற பாருக்கு அடுத்தாப்ல ஒரே ஒரு 3/8 பார், அதாவது பாதி பார், செருகிட்டா போதும். அனுபல்லவி கடைசில ஒண்ணு, சரணம் ரெண்டாவது வரில ஒண்ணு. செருகி ஓட்டிப் பாத்தப்ப கிளிக் அவளுக்காக நின்னு காத்திருந்து சேந்து வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி நான் வீட்ல எல்லாரையும் எழுப்பிக் கேக்க வச்சேன், யாருக்கும் என்ன வித்தியாசம்னு புரியல, பரவால்ல.

கிளிக் சத்தமும் முக்கியம். அந்த 'டிக் டிக்' பீப் ரெண்டு விதத்துல கெடுதல், ஒண்ணு எரிச்சல், ரெண்டு அந்த ஹை ஃப்ரீக்வென்சி ஹெட்போன்ல இருந்து லேசா ஒழுகி மைக்ல ஏறும், பாட்டு மெதுவா முடியுற இடத்துல பளிச்சுன்னு கேக்கும். அதுலயும் எங்க அக்கா மாதிரி ஒரு காதைத் திறந்து வச்சுப் பாடுறவங்கன்னா அந்தத் திறந்த கப் மைக்குக்கு நேரா கத்திட்டு இருக்கும். அதனால மெட்ரோனோமை அணைச்சுட்டு மிடில ஒரு ஷேக்கர், ஒவ்வொரு பார்லயும் ஆறு சின்னத் தட்டுல 1, 4-ல மட்டும் ஒரு மரக்கட்டை சத்தம், கொஞ்சம் தாழ்ந்த சுருதில. ஆறு தட்டும் அடிக்க வேண்டிய அவசியமே இல்ல. ஹெட்போன் மிக்ஸை அவ மாட்டியிருக்குற காதுப் பக்கம் மட்டும் பேன் பண்ணியாச்சு, திறந்த கப்ல ஒண்ணும் வராது. மிக்ஸ் முடிஞ்ச பாட்டுலயும் அதே இடத்துல ஷேக்கர் வரப்போகுது, அதனால ஏதாவது ஒழுகுனாலும் அதுக்குள்ள மறைஞ்சிரும். பாட்டு நிக்குற கடைசி நாலு பார்ல வால்யூம் ஆட்டோமேஷன் போட்டு சத்தத்தையே எடுத்துட்டேன். அக்கா இப்ப கொசு புகார் சொல்லுறதில்ல, "இந்த ஷேக்கர் நல்லாருக்கே, யாரு வாசிச்சா"ன்னு கேட்டா.

இவ்வளவும் பண்ணியும் குரல் ஒரு இழை பின்னால உக்காந்திருந்துச்சு. டைரக்ட் மானிட்டரிங்லதான் பாடுறா, அதாவது லேப்டாப்புக்குள்ள போகாம இன்டர்ஃபேஸ்ல இருந்தே அவ குரல் அவளுக்குக் கேக்கும், ஆனாலும். இது பாடுறவங்க குறை இல்ல, சில இன்டர்ஃபேஸ் டிரைவர் தன்னோட லேட்டன்சியை (சத்தம் உள்ள போயி வர்ற தாமதத்தை) கம்மியா சொல்லும், ரீப்பர் அதை நம்பி ரெக்கார்ட் ஆன டேக்கை அந்த அளவுக்கு மட்டும் முன்னால தள்ளி வைக்கும். கண்டுபிடிக்கிறது ஈஸி: அவுட்புட்ல இருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட்டு கிளிக்கையே ரெக்கார்ட் பண்ணி, ரெண்டு அலையையும் பெருசாக்கி இடைவெளியை சாம்பிள் கணக்குல அளக்கணும். எனக்கு கிட்டத்தட்ட 400 சாம்பிள். 48 கிலோஹெர்ட்ஸ்ல அது 8 மில்லி செகண்டுக்கு கொஞ்சம் மேல. சத்தம் காத்துல 1 மில்லி செகண்டுக்கு 34 சென்டிமீட்டர் போகும்ங்கிற கணக்குல, அக்கா மூணு மீட்டருக்கு ஒரு சாண் கம்மியா தள்ளி நின்னு பாடுற மாதிரி. ஒரு டிராக்குக்கு பெரிய விஷயம் இல்லதான், ஆனா கிட்டாரைக் கேட்டுக் குரல், குரலைக் கேட்டு ஆல்டோன்னு ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கும்போது 8, 16, 24ன்னு ஏறிட்டே போகும், மூணாவது ஆள் எப்பவும் லேட்டா வந்த மாதிரியே இருக்கும். ரெக்கார்டிங் செட்டிங்ல அந்த நம்பரை ஆஃப்செட்டா போட்டதும் எல்லாம் ஒட்டிக்கிட்டு.

இடையில கரண்ட் கதை ஒண்ணு. இங்க மத்தியானம் கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல ஓடும், பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், கிட்டார்ல 'ர்ர்ர்'ன்னு ஒரு இரைச்சல். வழி என்னன்னா லேப்டாப் சார்ஜரைப் புடுங்கிட்டு பேட்டரிலயே ஓட்டுறது, இன்டர்ஃபேஸ் யுஎஸ்பில இருந்தே பவர் எடுக்குறதால மொத்த செட்டும் வயரிங்ல இருந்து பிரிஞ்சிரும். மெயின்ஸ்ல வர்ற 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் அப்படியே போயிட்டு. டேக் எடுக்குறப்ப மட்டும் புடுங்குனா போதும். ஃபேனையும் நிப்பாட்டணும், அது தனி சித்திரவதை, சித்திரை வைகாசில நெல்லைல ஃபேன் இல்லாம ஒரு சரணம் பாடிப் பாருங்க. அதுக்காக ஆனி ஆடி வரைக்கும் பொறுத்தா காத்து ஜன்னல் சந்துல விசில் அடிக்கும், துணி சுருட்டி அடைச்சுத்தான் எடுக்கணும்.

கேபிள் பத்தி: ரெடிமேடா வாங்குன மைக் கேபிள் ஒண்ணு தொட்டாலே கரகரன்னுச்சு, திறந்து பாத்தா ஷீல்டு ஒரு முனையில சால்டரே ஆகல. கடை பேரைச் சொல்லி என்ன ஆகப்போகுது. இனிமே கனெக்டரும் கேபிளும் தனித்தனியா வாங்கி நானே சால்டர் வச்சுக்கிடுவேன். சென்னை போற கூட்டாளிகிட்ட ரிச்சி தெருவுல மீட்டர் கணக்குல கேபிள் வாங்கியாரச் சொல்லியிருக்கேன், கனெக்டர் நியூட்ரிக் கம்பெனிதான் வேணும்னு கறாரா சொல்லியாச்சு.

முதல் பாட்டே முடியல, அதுக்குள்ள ரெண்டாவது பாட்டுக்கு மனசு ஓடுது. வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒண்ணு எடுக்கலாம்னு. 1774-ல நம்ம திருநெல்வேலியில பொறந்து தஞ்சாவூர் போயி பெரிய ஆளானவர், 1864-ல மறைஞ்சவர். 1957 காப்புரிமைச் சட்டப்படி எழுதுனவர் காலத்துக்குப் பிறகு 60 வருஷந்தான் கணக்கு, அதனால அவர் வரிகளுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டாம். ஆனா ஒரு விஷயத்துல உஷாரா இருக்கணும், இப்ப பாடுற மெட்டு பின்னாடி வேற யாராவது போட்டதா இருக்கலாம், புது ரெக்கார்டிங்ல வர்ற அரேஞ்ச்மென்டும் அவங்கவங்க சொத்து. அதனால கேசட்டையோ யூடியூபையோ கேட்டு காப்பி அடிக்காம, பழைய சபைல பாடுன பெரியவங்ககிட்ட உக்காந்து பாட வச்சு எழுதிக்கிடணும். எங்க பெரியப்பாவே நாலஞ்சு மெட்டு வச்சிருக்காரு. "ஆவில நிறைஞ்சு பாடுனா போதும்லே, இதுக்கு எதுக்கு இவ்வளவு வயரு"ன்னு திட்டிக்கிட்டேதான் பாடுவாரு. அவருக்கு ஹெட்போனே மாட்டப்போறதில்ல, கைடு எடுத்து மேப் போட்டா முடிஞ்சது.

இப்ப நிலவரம். ரெண்டாம் சரணத்துக்கு மேப் பாதி ஆயிட்டு, அங்க ஒரு 3/8 பார் இன்னும் சரியா உக்காரல, அக்கா அந்த வரிய ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இழுக்குதா, எது வேணும்னு அவளே முடிவு பண்ணட்டும். டிலே பிளகின் (எதிரொலி போடுறது) டெம்போவோட சிங்க் ஆனா வேகம் மெல்ல மாறுற இடத்துல சுருதி குழையுது, அதனால சிங்கை எடுத்துட்டு 345 மில்லி செகண்டுன்னு ஃபிக்ஸ் பண்ணிட்டேன், பல்லவி வேகத்துல ஒரு சின்னத் தட்டு அவ்வளவுதான் வரும், சரணத்துல லேசா விலகுறது நல்லாவே இருக்கு. பேஸ் வாசிக்கிற தம்பி நாகர்கோவில்ல இருக்கான், அவனுக்கு ரீப்பர் ஃபைலையே அனுப்புனா மேப்பும் சேந்து போயிரும், அவன் வேற சாப்ட்வேர்ல ஓட்டுறதா இருந்தா டெம்போ மேப் உள்ள மிடி ஃபைலும், ஷேக்கரோட ஒரு ரஃப் மிக்ஸும் பார் 1-ல இருந்து எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பணும். எதுல ஓட்டுறான்னு கேட்டு மெசேஜ் போட்டிருக்கேன், ப்ளூ டிக் வந்துட்டு, பதில் வரல.