தூர்வாருகிறோம் என்று குழி தோண்டாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர் குளத்தில் மஞ்சள்மூக்கு நாரை இரை தேடுவதைக் கவனித்துப் பாருங்கள். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே நடக்கும். மீன் அலகில் பட்ட நொடியில் மூடிக்கொள்ளும். நடக்க முடியாத ஆழத்தில் எத்தனை மீன் கிடந்தாலும் அதற்குப் பயனில்லை. சேற்றோரத்தில் இரை தேடும் சின்ன உள்ளான் பறவைகளுக்கு நாலு சென்டிமீட்டர் தண்ணீரே அதிகம்.

2022இல் சுசீந்திரம் தேரூரில் 94.23 ஹெக்டேரும் வேம்பனூரில் 19.75 ஹெக்டேரும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின. பெயர் வந்தாயிற்று. பேரப்பிள்ளைகள் காலத்திலும் பறவை இறங்குமா என்பது குளத்தின் சரிவைப் பொறுத்தது.

தூர்வாரும்போது வண்டலை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். அடியில் இறுகிக் கிடக்கும் களிமண்தான் தண்ணீரைத் தாங்குகிறது. மண்ணுக்கு ஆசைப்பட்டு அதை உடைத்தால் தண்ணீர் வேகமாகக் கீழே இறங்கிவிடும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிச் சேர்க்கும் தண்ணீர் வயலுக்குப் பாயவும் செய்யாது. கரையடியில் கை வைக்கவே கூடாது. கரை உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளித்தான் இயந்திரம் இறங்கலாம். தண்ணீர் வந்து சேரும் பக்கத்தைச் செங்குத்தாக வெட்டாமல், ஓரடி ஆழத்துக்கு ஐந்தடிக்குக் குறையாத சரிவாக விடுங்கள். நாரைக்கும் உள்ளானுக்கும் சாப்பாடு அங்கேதான். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

அடுத்தது ஆகாயத்தாமரை. தோதான வெயிலும் சாக்கடையும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிக்கும். பூப்பதற்கு முன்பே வேரோடு இழுத்துவிடுங்கள். விதை விழுந்தால் சேற்றுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். இழுத்ததைத் தண்ணீர் ஓரத்திலேயே குவிப்பதுதான் எல்லா ஊரிலும் நடக்கும் தப்பு. ஒரு மழையில் பாதி திரும்பவும் குளத்துக்குள் போய்விடும். கரைக்கு வெளியே கொண்டுபோய் வாடவிட்டு, சாணத்தோடு அடுக்கி மட்கவிட்டால் தென்னைக்கு நல்ல உரம். குளத்தில் வந்து விழும் சாக்கடை ஓடையை அடைக்காமல் செடியை மட்டும் வாரினால், அடுத்த வருஷமும் வாரிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகாலையும் மறக்க வேண்டாம். மீன் தப்பாமலிருக்க அங்கே கட்டும் வலையில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டால் வெள்ளம் வெளியேற வழியிராது. பிறகு கரைதான் உடையும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே வலையை அவிழ்த்துவிடுங்கள்.