மூன்று சுரங்களை எங்கே வெட்டுவது?

இசையமைப்பாளர் ஆர்னோல்ட் ஷோன்பெர்க் 1909இல் எழுதிய ஓபஸ் 11 (படைப்பு எண் 11) பியானோத் துண்டுகளில் முதலாவதன் தொடக்கத்தைச் சில வாரங்களாக மெதுவாக வாசித்துப் பார்க்கிறேன். மேல்வரி, மேற்கத்தியச் சுரப்பெயர்களில், பி, ஜி ஷார்ப், ஜி, ஏ, எஃப், இ என்று நகர்கிறது (ஷார்ப் என்பது ஓர் அரைச்சுரம், அதாவது பியானோவில் அடுத்த கட்டை அளவு, உயர்ந்தது; பிளாட் அதே அளவு தாழ்ந்தது). மூன்றாவது பாரில் (தாளப் பகுதியில்) அதற்குக் கீழே பி பிளாட், ஏ, டி பிளாட் சேர்ந்த ஒரு கார்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரத்தொகுதி, ஒலிக்கிறது. எந்தச் சுரமும் ஆதாரமாக நிற்காத இந்த இசையில், அந்தக் கார்டுக்கும் மேல்வரிக்கும் என்ன உறவு?

இதற்கு இசைக் கோட்பாட்டாளர் ஆலன் ஃபோர்ட் 1973இல் வெளியிட்ட நூலில் முறையான ஒரு வழி இருக்கிறது. ஸ்தாயியையும் வரிசையையும் ஒதுக்கிவிட்டு, வரியின் முதல் மூன்று சுரங்களை ஜி, ஜி ஷார்ப், பி என்று நெருக்கி அடுக்கினால், இடையே ஓர் அரைச்சுரமும் பிறகு மூன்று அரைச்சுரங்களும் கிடைக்கின்றன. கார்டை ஏ, பி பிளாட், டி பிளாட் என்று அடுக்கினாலும் அதே அளவுகள்தாம். முதல் சுரத்தை 0 எனக் கொண்டு அதிலிருந்து அரைச்சுரங்களை எண்ணினால், இரண்டும் 0-1-4 என்னும் ஒரே கணம். முன்னதை இரண்டு அரைச்சுரம் உயர்த்தினால் பின்னது வந்துவிடுகிறது. மற்றொரு கோட்பாட்டாளர் டேவிட் லூவின் 1987இல் இந்த உயர்த்தலையே, அதாவது ஒன்று மற்றொன்றாக மாறும் செயலையே, ஆய்வின் மையமாக வைத்தார்.

பன்னிரண்டு சுரங்களிலிருந்து மும்மூன்றாக எடுக்கக்கூடிய 220 சேர்க்கைகளும் ஃபோர்டின் முறையில் 12 வகைகளாகச் சுருங்கிவிடுகின்றன. தலைகீழாக்கிய, அதாவது இடைவெளிகளின் வரிசையைத் திருப்பிய, வடிவத்தையும் ஒன்றெனவே கொள்வதால், மேஜர் கார்டும் மைனர் கார்டும்கூட ஒரே வகையில் அடங்குகின்றன. இது பெரிய விலை என்றே நினைக்கிறேன்.

அதைவிட என்னை உறுத்துவது, சுரங்களை எங்கே வெட்டுவது என்பதுதான். முதல் மூன்றை எடுத்தால் 0-1-4. ஒன்று தள்ளி எடுத்தால் 0-1-2. இன்னும் ஒன்று தள்ளினால் 0-2-4. கடைசி மூன்று 0-1-5. எங்கே வெட்டினாலும் ஏதோ ஒரு பெயர் கிடைத்துவிடும். அந்த வெட்டு சரியா என்பதைப் பெயர் சொல்லாது. இந்த இசையைச் சிறு மூலக்கருக்களின் வளர்ச்சியாக இசையமைப்பாளரும் கோட்பாட்டாளருமான ஜார்ஜ் பெர்ல் வாசித்தது எனக்கு நெருக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வரியைப் பாடிப் பார்த்தால், ஜியிலிருந்து ஏவுக்குச் செல்வது மட்டுமே அதில் ஏற்றம் என்பது தெரிகிறது. அங்கே வெட்டினால் இரண்டு இறக்கங்கள் கிடைக்கின்றன: முதலாவது மூன்று அரைச்சுரம் இறங்கிப் பிறகு ஒன்று, இரண்டாவது நான்கு இறங்கிப் பிறகு ஒன்று. 0-1-4, 0-1-5 என்னும் இரு தனிப் பெயர்களைவிட, முதல் தாவல் மட்டும் சற்றே அகன்று திரும்ப வரும் அந்த அசைவுதான் என் காதில் தங்கியிருக்கிறது.