தோட்டாக் கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த காலத்தில், சம்பளப் பட்டியலைவிட என்னைப் படுத்தி எடுத்தது துப்பாக்கிப் புத்தகம்தான். இளங்கன்று நட்ட பக்கம் காட்டுப்பன்றி இறங்கிவிட்டால் ஒரே ராத்திரியில் குருத்தையெல்லாம் தின்று தீர்த்துவிடும். அதற்காக லைசென்ஸ் வாங்கிய வேட்டைத் துப்பாக்கி ஒன்று இரும்புப் பெட்டியில் இருந்தது. தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, வேறு சாவி. வாங்கியது, சுட்டது, மிச்சம் எல்லாம் எழுத வேண்டும். எங்கள் மேனேஜர் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டையும் எண்ணிப் பார்ப்பார். ஒருமுறை ஒரு கூடு குறைந்துவிட்டது. டார்ச் அடித்துக்கொண்டு நிரை நிரையாகத் தேடினோம். "பன்னி போனா போகுது, கூடு போனா வேலை போயிடும்" என்று வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் முணுமுணுத்தபடியே குனிந்து வந்தார். கடைசியில் வெட்டிப்போட்ட மட்டைக்கு அடியில் கிடந்தது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்டால், பதிலின் பாதி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து, அப்போது மலாயாவை ஆண்ட பிரிட்டிஷார் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலத்தைக் கொண்டுவந்தார்கள். அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்றானது. 1960இல் அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஒற்றைத் தோட்டா கையில் இருந்தாலும் குற்றம். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971 சட்டம் இன்னும் கடுமை. கொள்ளையடிக்கும்போது ஆளைக் குறிவைத்துச் சுட்டால், குண்டு யார்மேலும் படாவிட்டாலும் மரண தண்டனை. நீதிபதிக்கு வேறு வழியே இல்லாதபடி அது கட்டாயமாக இருந்தது. அந்தக் கட்டாயத்தை 2023இல்தான் நீக்கினார்கள்.

என் அக்காள் மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். 2021 முதல் அங்கே 21 வயது நிரம்பிய பெரும்பாலோர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போகலாம். அவன் லீவுக்கு வந்திருந்தபோது இருவரும் ஈப்போவுக்குப் போனோம். வழியில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். நான் காரை ஓரங்கட்டி இறங்கி, பின்பாக்கெட்டில் பர்ஸைத் தேடிக்கொண்டே அவரிடம் நடந்தேன். திரும்பிப் பார்த்தால், பையன் இரண்டு கையையும் டேஷ்போர்டின்மேல் விரித்து வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.

"அங்க இப்படி இறங்கிப் போனா சுட்டாலும் சுட்டுடுவாங்க மாமா" என்றான் அப்புறம்.

எங்கள் போலீஸ்காரர் இடுப்பிலும் பிஸ்டல் உண்டு. ஆனால் என் பாக்கெட்டிலிருந்து பர்ஸைத் தவிர வேறெதுவும் வராது என்று அவருக்குத் தெரியும். டெக்சாஸ் போலீஸ்காரருக்கு அந்த நிச்சயம் கிடையாது. சட்டப் புத்தகத்தில் உள்ளது அவர் விரல் நுனிவரை வந்துவிடுகிறது.

சரி, அதனால் நம்மூர் போலீஸ் தங்கம் என்று சொல்லிவிடலாமா? பையன் அப்படித்தான் சொன்னான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவசரகால விதிகளை எழுதிய பிரிட்டனிலே ரோந்து போகும் போலீஸ்காரர்களில் பெரும்பாலோர் இன்றைக்கும் துப்பாக்கி ஏந்துவதில்லை. மலாயாவில் அவர்கள் பெருக்கிய படையோ கம்யூனிஸ்டுகளோடு காட்டில் சண்டை போட்ட படை. ஊர்க்காரனைப் பார்த்ததும் இவன் யார் பக்கம் என்று எடைபோடுவது அதன் தொழில். அந்தப் பார்வை அடியோடு போய்விட்டது என்று தோட்டப்புறத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். பிள்ளை ராத்திரி வீடு திரும்பவில்லையென்றால் எங்கள் அம்மாமார்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது லாக்கப்தான்.

போலீஸ்மீது வரும் புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று 2005இலேயே அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது. இழுத்து இழுத்து 2023 ஜூலையில் ஒன்று வந்தது. அதுவும் விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். தானாக யாரையும் தண்டிக்க முடியாது. இதையெல்லாம் பையனிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"டெக்சாஸ்ல மட்டும் என்ன வாழுதாம் மாமா?" என்றான்.