'இ.டி.' சேர்த்தால் மட்டும் போதாது

ஆங்கில ஒழுங்கு வினைச்சொல்லுக்கு (இறந்தகாலத்தில் இ.டி., அதாவது ed, சேரும் வினை) மொத்தமே 4 வடிவங்கள்: வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட். நடந்தேன், நடந்தாய், நடந்தாள் என ஆளுக்கொரு விகுதி நமக்கு. அங்கே ஐ, யூ, ஷீ யார் வந்தாலும் வாக்ட்தான். எதிர்காலத்துக்குத் தனி வடிவமே இல்லை. 'வில்' போட்டு மூல வினையை அப்படியே வைத்தால் முடிந்தது.

தடுமாற்றம் உச்சரிப்பில்தான். எழுத்தில் ஒரே இ.டி., வாயில் 3 ஒலிகள். தொண்டையில் விரலை வைத்து மூல வினையின் கடைசி ஒலியைச் சொல்லிப் பாருங்கள். வாக், வாஷ், ஹெல்ப்: அதிர்வு இல்லை, எனவே வன்மையான 'ட்' (t). கால், ப்ளே, ஓப்பன்: அதிர்கிறது, எனவே மென்மையான 'ட்' (d). (இரண்டுக்கும் தமிழில் ஒரே எழுத்து என்பதால்தான் வேறுபாடு நம் காதில் நழுவுகிறது.) வான்ட், நீட் போல ஏற்கெனவே அந்த இரண்டு ஒலிகளில் ஒன்றில் முடிபவற்றுக்கு மட்டுமே 'இட்' என்று தனி அசை. ஆகவே 'வாக்கெட்', 'ஹெல்ப்பெட்' தவறு.

எழுத்துக்கூட்டலில், இ.டி. சேரும்போது 'ஸ்டாப்'பின் கடைசி 'பி' இரட்டிக்கும். ஈரசைச் சொல்லில் அழுத்தம் எங்கே என்று பார்க்க வேண்டும்: 'அட்மிட்'டில் கடைசி அசையில் விழுவதால் 'டி' (t) இரட்டிக்கும், 'விசிட்'டில் முதல் அசையில் விழுவதால் இரட்டிக்காது. 'ட்ரை'யின் ஒய், ஐ ஆகும். 'ப்ளே'யில் ஒய்க்கு முன் உயிரெழுத்து இருப்பதால் மாறாது.

அதிகம் காணும் பிழை 'டிட் யூ வாக்ட்?' இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டது. பின்னால் வெறும் 'வாக்' போதும்.