நீலக் கலரில் ஏதாவது இருக்கா?

"இது போதும்டி, நீலமாத்தானே இருக்கு" என்று அம்மா எடுத்துக் காட்டியது நாய் கடித்து விளையாடுகிற பொம்மை. பம்பரம் மாதிரி இருந்தது. அழுத்தினால் கீச்சென்றது. 2024 டிசம்பர் 24 மத்தியானம், மூன்றாவது கடை. எனக்கும் அது போதும் போலத்தான் இருந்தது.

எல்லாம் என் வாயால் வந்தது. எதிர்வீட்டு யூத மாமியின் பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்து, ஹனுக்கா என்கிற அவர்கள் விளக்குப் பண்டிகைக்கான நீலக் கலர் அலங்காரப் பெட்டி ஊறிக் கூழாகிவிட்டது. அவர் ஒன்றும் புலம்பவில்லை. குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டே, "பேப்பர்தானே, போகட்டும்" என்றார். பித்தளை விளக்கு ஏற்கெனவே கலிபோர்னியா மகன் வீட்டுக்குப் போய்விட்டது. இந்த வருஷம் பேத்தி வருகிறாள், அவளுக்காகத்தான் பெட்டியைத் திறந்தேன் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நான் வாங்கிட்டு வரேன், இதென்ன பெரிய விஷயம்!" என்றேன். பள்ளிக்கூடத்துக்கு இருநூறு சமோசா ஒப்புக்கொண்ட அதே வாய்.

முதல் கடையில் கிறிஸ்துமஸுக்கு ஆறு வரிசை. ஹனுக்காவுக்கு அரை ஷெல்ஃப். அதுவும் பேட்டரிக்கும் பரிசுத்தாளுக்கும் நடுவில், நம் வீட்டுக் கல்யாணத்தில் தூரத்து உறவுக்குப் போடுகிற நாற்காலி மாதிரி ஒரு மூலையில். அதில் இருந்தவை: வலைப்பையில் சாக்லேட் காசு, நீலக் கைதுடைக்கும் தாள், ஒரு மெழுகுவர்த்திப் பெட்டி, அப்புறம் அட்டை மாதிரி ஒரு ரொட்டி அடுக்கடுக்காக. அந்த ரொட்டியை மாமியிடம் பிறகு சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அது மாட்ஸா, வசந்த காலத்தில் வருகிற பாஸோவர் பண்டிகைக்கானது. தீபாவளிக் கடையில் கரும்பைக் கட்டி வைத்த கதை.

மெழுகுவர்த்திப் பெட்டியில் 44 என்று போட்டிருந்தது. ஐம்பதாகப் போடாமல் ஆறைத் திருடிவிட்டார்கள் என்று இவர் அங்கேயே கணக்குக் கேட்க ஆரம்பித்தார். முதல் ராத்திரி ஒன்று, இரண்டாம் ராத்திரி இரண்டு என்று எட்டு ராத்திரிக்கு 36. தினமும் மற்றதை ஏற்றிவைக்க ஷமாஷ் என்று ஒரு தனி விளக்கு, அதற்கு எட்டு. ஆக 44. நியாயமான கணக்குதான். ஆனால் மெழுகுவர்த்தியை நிறுத்தி வைக்க ஸ்டாண்டு எங்கே? அது மட்டும் எந்தக் கடையிலும் இல்லை.

போனில் தேடலாம் என்றால் அது வேறு கூத்து. இந்தப் பண்டிகைக்கு ஆங்கிலத்தில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். 'எச்'சில் தொடங்குவார்கள், 'சி'யில் தொடங்குவார்கள், நடுவில் 'என்' ஒன்றா இரண்டா, 'கே' ஒன்றா இரண்டா, அது அவரவர் குடும்ப வழக்கம். இவர் 'சி'யைப் பார்த்துவிட்டு இரண்டாவது கடைப் பையனிடம் "சானுக்கா ஐட்டம் எங்கே?" என்று சாணக்கியருக்குச் சொந்தக்காரர் போலக் கேட்டார். பையன் பாவம், "அது இந்த மாச ஆரம்பத்திலேயே முடிஞ்சுபோச்சே சார்" என்றான்.

போன வருஷம் டிசம்பர் 7-ஆம் தேதியே வந்துவிட்டது, அதை மனதில் வைத்துச் சொல்லியிருப்பான். இந்த வருஷம் 25-ஆம் தேதி சாயங்காலம்தான் முதல் விளக்கு. கிறிஸ்துமஸ் அன்றைக்கே. இப்படி அமைவது 2005-க்கு அப்புறம் இப்போதுதான். அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு விரல் மட்டும் வெளியே வந்தது. "நடுவுல அதிக மாசம் வந்திருக்கும், பார்க்கச் சொல்லு." போனில் பார்த்தால், வந்திருக்கிறது! அவர்களுக்கும் சந்திரன் கணக்குதான், 19 வருஷத்தில் ஏழு முறை ஒரு மாசத்தைக் கூட்டுகிறார்கள், இந்த பிப்ரவரி-மார்ச்சில் கூட்டியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் பஞ்சாங்கம் பார்த்தே வளர்ந்த அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தீபாவளி இந்த வருஷம் ஹாலோவீன் அன்றைக்கே வந்து, சின்னவள் பட்டுப்பாவாடையோடு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி வந்தாளே, அப்போதும் அம்மா இப்படித்தான் அசராமல் இருந்தாள்.

மூன்றாவது கடையில்தான் அந்த நாய் பொம்மை. அதற்குப் பக்கத்தில் ஜன்னலில் வைக்கிற மின்விளக்கு ஒன்று, நீல பல்பு போட்டு, கடைசிப் பீஸ். பாய்ந்து எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எண்ணினால் ஏழு விளக்கு. ஹனுக்காவுக்கு எட்டும் ஷமாஷும் சேர்த்து ஒன்பது வேண்டும். கிறிஸ்துமஸ் ஜன்னல் விளக்குக்கு நீல பல்பு மாட்டி அந்த ஷெல்ஃபில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். "முப்பது சதவீதம் தள்ளுபடின்னானே, ரெண்டு விளக்கைத்தான் தள்ளியிருக்கான்" என்றார் இவர். ரசீது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அடுத்த ஒரு மணி நேரம் அதையே தேடினார்.

மறுநாள் கிறிஸ்துமஸ். பெரிய கடைகள் எல்லாம் பூட்டு. திறந்திருப்பது எது? நியூஜெர்ஸி எடிசனில் நம் இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோடுதான். ஊரே அடங்கியிருக்கும்போது அங்கே மட்டும் பார்க்கிங்குக்கு அடிதடி. கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தீபாவளிக்கு விற்காமல் நின்றுபோன சரக்கு ஒரு தொட்டி நிறையக் கிடந்தது. கையை விட்டேன். நீலமும் வெள்ளியுமாக ஜரிகைத் தோரணம்! நான்கு சரம். கீழே அகல், டஜன் இரண்டு டாலர். நட்சத்திரம்கூட இருந்தது, ஐந்து முனைதான், ஆறு முனை இல்லை. அதை மட்டும் திரும்பப் போட்டேன். இரண்டு நாள் அலைந்து வாங்கியது நான்கு சரமும் பன்னிரண்டு அகலும். இதைக் கார்த்திகைக்கே வாங்கியிருந்தால் அம்மா ஊரிலிருந்து அகலைப் புடவையில் சுற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டாம்.

நாலரைக்கே இருட்டிவிட்டது. மாமி வீட்டு ஜன்னலில் தட்டு வைத்து எட்டு அகலை வரிசையாக வைத்தோம். "ஷமாஷ் மட்டும் மத்ததோட சமமா இருக்கக் கூடாது, உசரமா வைக்கணும்" என்றார் மாமி. நான் சமையலறைக்கு ஓடி ஓடி எதை வைத்தாலும் ஆடியது. அம்மா பேசாமல் நம் வீட்டுக்குப் போய் என் பித்தளை டவராவை எடுத்து வந்து கவிழ்த்தாள். அதன் முதுகில் ஒன்பதாவது அகல். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

எண்ணெயில் ஒரு சண்டை. மாமி ஆலிவ் எண்ணெய் என்கிறார், அம்மா நல்லெண்ணெய் என்கிறாள். எந்த எண்ணெயும் செல்லும், ஆனால் அந்தக் காலத்து ஜெருசலேம் கோயிலில் ஒரு நாளைக்கு மட்டுமே இருந்தும் அற்புதமாக எட்டு நாள் எரிந்தது ஆலிவ் எண்ணெய்தான் என்று மாமி சொன்னதும் அம்மா விட்டுக்கொடுத்தாள். கோயில் என்று வந்துவிட்டால் அம்மா வாதாட மாட்டாள். ஆனால் அடுத்தது விட்டுக்கொடுக்கவில்லை. எட்டு அகல் இருக்க, முதல் நாள் ஒன்றை மட்டும் ஏற்றுவதா? "எல்லாத்தையும் இன்னிக்கே ஏத்திட்டு, நாளுக்கு ஒண்ணா குறைச்சுக்கட்டுமே." நான் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னேன். மாமி தீக்குச்சியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஷம்மாய் என்ற குருவின் கட்சிக்காரர்கள் சொன்னது அதேதானாம். எட்டில் தொடங்கி இறங்க வேண்டும் என்று. ஹில்லேல் என்ற குருவின் கட்சி ஒன்றில் தொடங்கி ஏற வேண்டும் என்றதாம், அதுதான் நிலைத்தது. "உன் அம்மா தோத்த கட்சி" என்றார். அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவள் ஓட்டுப் போட்ட கட்சி கும்பகோணத்திலும் எப்போது ஜெயித்தது?

பேத்தி ஷமாஷால் முதல் விளக்கை ஏற்றினாள். மாமி பாடினார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, பக்கத்து நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரே அடுத்த அடியையும் பாடினார். மாமா இருந்தவரை அந்த அடி அவருடையது. மாமா பாடுவது கோடையில் ஜன்னல் திறந்திருந்தால் எங்கள் வீடு வரை கேட்கும்.

அப்புறம் மாமி சொன்னதைத்தான் நான் கல்வெட்டில் பொறிக்கப் போகிறேன். இந்த விளக்கு எரியும்வரை பெண்கள் வேலை செய்வதில்லை என்று ஒரு வழக்கமாம். குறைந்தது அரை மணி நேரம். சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். அம்மா கேட்டுவிட்டு, "கார்த்திகைக்கு விடிஞ்சதுலேர்ந்து பொரி உருண்டை, அப்பம், அடைன்னு நிமிர முடியலை. இவாளுக்கு எவ்வளவு நல்ல பெரியவா கிடைச்சிருக்கா பாரு" என்றாள். அன்றைக்கு லாட்கே என்கிற உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போட்டது இவர்தான். மாமி அதற்கு ஆப்பிள் மசியல் தொட்டுக்கொண்டார். அம்மா மாவடு.

மறுநாள் ஆபீஸில் ஒருத்தி கேட்டாள், "ஹைலண்ட் பார்க் போயிருக்கலாமே?" யூதக் குடும்பங்கள் நிறைய இருக்கிற ஊர். எடிசனுக்கு ஒட்டினாற்போல, ஆற்றுப் பாலம்கூடத் தாண்ட வேண்டாம். பத்து நிமிஷம். நான் பதில் சொல்லவில்லை, காபி எடுக்கப் போய்விட்டேன்.

காபி என்றதும்தான். ஜனவரி 2-ஆம் தேதியோடு எட்டு நாள் முடிந்தது, பேத்தியும் ஊருக்குப் போயாகிவிட்டது. ஆனால் டவரா இன்னும் மாமி வீட்டு ஜன்னலிலேயே, எண்ணெய்க் கறையோடு கவிழ்ந்து கிடக்கிறது. எதிரே நின்றால் தெரிகிறது. இவர் ஒரு வாரமாக டம்ளரை மட்டும் வைத்துக்கொண்டு, ஆற்ற வழியில்லாமல் ஊதி ஊதிக் குடிக்கிறார். "போய்க் கேளேன்" என்கிறார். நான் எப்படிக் கேட்பது? அம்மாவைக் கேட்டால், "அது இனிமே அங்கதான் இருக்கும், விடு" என்கிறாள். அவளுக்கென்ன, ஊரில் ஆறு டவரா வைத்திருக்கிறாள்.